பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே

பன்னிரண்டு நொடிக்கு ஒரு பெட்டி.
நிற்காது. நிலையத்துக்குள் நுழைந்ததும்
நடை தளர்த்தும், அவ்வளவுதான்.
கதவு திறக்கும், பத்துப் பேர், கதவு மூடும்.
கம்பியைப் பற்றிக்கொண்டு
எல் ஆல்ட்டோவின் விளிம்பைத் தாண்டி
லா பாஸின் பள்ளத்துக்குள் இறங்கும்.

என் வேலை கையை நீட்டுவது.
"எல்லாருக்கும் இடமிருக்கிறது, உள்ளே போங்கள்"
என்று சொல்வது.
போக எனக்கென்று மிஞ்சுவது
ஏழு நொடி, எட்டு நொடி.
அதற்குள் ஒரு வரி.
கூட்ட நேரத்தில் அரை வரி.

அப்படித்தான் மனப்பாடம் செய்தேன்
சுரங்க முதலாளி டான் லிபோரியோவை.
மூன்று அங்கம், நூற்று நாற்பது வசனம்,
ஓர் ஒட்டுமீசை.
ஆண் வேஷத்துக்கு எங்கள் குழுவில் ஆளில்லை.
இருந்த ஒருவனும் கட்டட வேலைக்குச்
சாந்தா குரூஸ் போய்விட்டான்.

"ஸெனோபியா, மேலுதட்டில் என்ன?"
"பசை."
"எதற்குப் பசை?"
"மீசைக்கு."
கலிசாயா அதற்குமேல் கேட்கவில்லை.
மேற்பார்வையாளர் படிவத்தில்
அதற்குக் கட்டம் கிடையாது.

ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால்
என்கிறாள் தங்கை.
இதில் ஆறு எது, சேறு எது என்றேன்.
வெங்காயம் நறுக்குவதை நிறுத்தி
கொஞ்ச நேரம் யோசித்தாள்.
பிறகு என் மகனைத் தூங்கவைக்கப் போனாள்.
ஒத்திகை இரவுகளில் அவன் அவளுடையவன்.
இதை நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

இயக்குநர் ரெம்பெர்த்தோ
பகலில் பொய்ப்பல் செய்பவர்.
அவர் விரல் பட்ட வசனமெல்லாம்
சுண்ணத்தூள் படிந்திருக்கும்.
"வாக்கியத்தின் நடுவில் ஏன் நிற்கிறாய்?
மூச்சு வாங்கவா?"
இல்லை.
அந்த இடத்தில்தான் பெட்டி வந்தது.

அரங்கேற்றம் வியாழன், ஏழரைக்கு.
ஆறு பத்துக்கு மின்னல்.
கம்பி நின்றது. பெட்டிகள்
காயப்போட்ட துணிபோலக் காற்றில் ஆடின.
கடைசிப் பெட்டி காலியாகும்வரை
நிலையத்தை விட்டு அசையக் கூடாது, விதி.
ஒலிபெருக்கியில் சொன்னேன்:
"பயப்படாதீர்கள், கொஞ்ச நேரம்தான்."
எனக்கும் சேர்த்துத்தான் சொன்னேன்.

எட்டேகாலுக்கு ஓடி நுழைந்தபோது
பத்தொன்பது பேர் காத்திருந்தார்கள்.
அதில் ஆறு பேர் உறவு.
மீசை கோணலாக ஒட்டியது.
சீருடைக் காற்சட்டையை மாற்ற நேரமில்லை.
முதலாளிக்கு அது பொருந்தத்தான் செய்தது.

இரண்டாம் அங்கம். சுரங்க வாய்.
கூலியாட்கள் தயங்குகிறார்கள்,
உள்ளே புகை.
லிபோரியோ சொல்ல வேண்டியது:
"கேட்டதற்குமேல் இரண்டு பெசோ, இறங்குங்கள்."
வரவில்லை. வாய் வெறுமையாக இருந்தது.
கை மட்டும் தானாக நீண்டது,
இடது தோளைத் தொடாமல்
முதுகருகே, மரியாதையாக,
நாளைக்கு நாலாயிரம் தடவை நீள்கிற அதே கை.

"எல்லாருக்கும் இடமிருக்கிறது," என்றேன்,
"உள்ளே போங்கள்."

போனார்கள்.
அரங்கில் யாரோ இருமினார்கள்,
பாதியில் அடக்கிக்கொண்டார்கள்.
திரைமறைவில் ரெம்பெர்த்தோ
பென்சிலால் பழைய வரியை அடிப்பது தெரிந்தது.

வசூலில் ஆளுக்கு ஏழரை பொலிவியானோ.
எல்லாரும் தெருமுனையில் சூடாக ஆப்பி குடித்தோம்.
ஊதா நிறம் மீசைப் பசையில் ஒட்டிக்கொண்டது.
வீட்டில் மகன் தூங்கியிருந்தான்.
எண்ணெய் தொட்டு உதட்டைத் தேய்த்தேன்,
ஐந்து மணிக்கு அலாரம் வைத்தேன்.

வெள்ளி. வெயில், கழுவிவிட்ட வானம்.
இல்லிமானி பனியோடு பக்கத்தில் வந்து நின்றது.
முதல் பெட்டி.
கொத்தனார்கள், பள்ளிப் பிள்ளைகள்,
முதுகு மூட்டையில் கோழியோடு ஒருத்தி.
கையை நீட்டினேன்.
சொல்ல வாயெடுத்தேன்.
சொல்லவில்லை.

இரண்டாவது பெட்டிக்கும் சொல்லவில்லை.
"இன்று ஊமையா?" என்றார் கலிசாயா.
தலையை அசைத்தேன்.
மூட்டைக்காரி ஏறும்போது நின்று
என் முகத்தைப் பார்த்தாள்:
"இடமிருக்கிறதா, அம்மா?"

கதவு மூட மூன்று நொடி இருந்தது.